கதவக்கா வீட்டுக் கதவு

எங்கள் துறையில் அவரைக் கதவக்கா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்தது நான். அதற்காக நான் மன்னிப்பும் கேட்கவில்லை, அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை. இருபத்தாறு வருடமாகச் சமூகவியல் துறைக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான் அவர் வேலை. பெல் அடித்தாலும் அசையாத வீடு, நாயை அவிழ்த்துவிடும் வீடு, "ஆள் இல்லை" என்று ஆளே உள்ளிருந்து குரல் கொடுக்கும் வீடு, எதுவாக இருந்தாலும் அவர் போய் நின்றால் கதவு திறந்துவிடும்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். இரண்டே தட்டு. மூன்றாவது தட்டு போலீஸ் தட்டு என்பார். தட்டிவிட்டு ஓரடி பின்னால் போய், கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, கையிலிருக்கும் ஃபைலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "நேரா நின்னு முறைச்சா யார் தம்பி திறப்பா?" என்பார் என்னிடம். நேரமில்லை என்று சொல்பவர்களிடம், "எனக்கும்தாங்க இல்லை, வாங்க, ரெண்டு பேருமா சீக்கிரம் முடிச்சுடலாம்" என்பார். சிரித்துவிடுவார்கள். சிரித்தவர்களால் அதன்பிறகு கதவைச் சாத்த முடியாது.

பள்ளிப் படிப்போடு நின்றவர். ஆனால் எங்கள் துறையில் அச்சான அத்தனை புத்தகங்களும் அவர் செருப்புத் தேய்ந்து எழுதியவை என்பேன். எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் கிடையாது. நன்றியுரையில் "களப்பணியாளர்களுக்கும்" என்று ஒரு சொல் வரும். அந்த 'க்கும்'தான் அவர்.

என் வேலை அதைவிட மோசம். இரண்டாம் மாடியில், கழிப்பறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, அவர் எழுதிக்கொண்டு வருவதையெல்லாம் எண்ணாக மாற்றுவேன். வீட்டில் அடி விழுமா என்ற கேள்விக்கு ஒரு பெண் ஐந்து வரி அழுது சொல்லியிருப்பாள். குறியீட்டு ஏட்டைப் பார்த்து நான் அங்கே '2' என்று போடுவேன். இரண்டு என்றால் 'எப்போதாவது'. இப்படி எத்தனை பேரை எண்ணாக்கியிருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே என்மேல் ஆத்திரம் வரும்.

துறையில் பேராசிரியர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் மூன்று வழி. ஒருவர் செயற்பாட்டுவாதம். ஒருவர் முரண்பாட்டுக் கோட்பாடு. மூன்றாமவர் குறியீட்டு இடைவினைவாதம். இந்தப் பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் என்பதால் நாங்கள் உடம்பு சார், லாபம் சார், பார்வை மேடம் என்று சுருக்கிவிட்டோம்.

உடம்பு சாருக்குச் சமூகம் என்பது ஓர் உடம்பு. குடும்பம், பள்ளிக்கூடம், சட்டம், எல்லாம் உறுப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. ஒன்று கெட்டால் மற்றவை ஈடுகட்டும். உடம்பு எப்படியாவது தன்னைச் சமன்செய்துகொள்ளும். லாபம் சாருக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். உடம்பாவது கிடம்பாவது, இது பிடுங்குகிறவனுக்கும் பறிகொடுக்கிறவனுக்கும் நடக்கும் இழுபறி, எதைப் பார்த்தாலும் யாருக்கு லாபம் என்று கேள் என்பார். பார்வை மேடம் அந்த இரண்டு பேரிடமும், அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்காதீர்கள் என்பார். இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள், ஒருவர் புருவத்தை உயர்த்துகிறார், மற்றவர் அதற்கு ஓர் அர்த்தம் எடுத்துக்கொள்கிறார். சமூகம் அங்கேதான் நடக்கிறது என்பது அவர் கட்சி.

எனக்கு இது புரிந்தது புத்தகத்தால் இல்லை, டீயால். பதினொரு மணிக்கு எல்லோரும் நடைபாதையில் கூடி டீ குடிப்போம். இந்தப் பத்து நிமிடம்தான் துறையையே ஒட்டவைத்திருக்கிறது என்று உடம்பு சார் சொல்வார். டீ போடுவது யார், எச்சில் கோப்பையைக் கழுவுவது யார், நின்றுகொண்டே குடித்துவிட்டு ஓடுவது யார் என்று லாபம் சார் கேட்பார். பிடி உடைந்த கோப்பை எப்போதும் யார் கைக்குப் போகிறது, அவர் அதை வாங்கும்போது முகம் எப்படி இருக்கிறது என்று மேடம் கவனிப்பார். பிடி உடைந்த கோப்பை எப்போதும் கதவக்கா கைக்குத்தான் போகும். மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள், மூன்று பேரும் எழுதினார்கள். புதுக் கோப்பை மட்டும் வரவில்லை.

ஒரே தெருவுக்கு மூன்று பேரும் அக்காவை மூன்று தடவை அனுப்புவார்கள். உடம்பு சார் படிவம் மஞ்சள், லாபம் சார் படிவம் இளஞ்சிவப்பு, மேடம் படிவம் வெள்ளை. முதல் இரண்டிலும் கட்டம் கட்டமாக இருக்கும், மேடம் தாளில் வெறும் கோடுகள்தான். "ஏம்மா, போன மாசம்தானே வந்தே" என்று திட்டுபவர்களிடம் அக்கா, "போன மாசம் மஞ்சளுங்க, இது வெள்ளை" என்பார், அரிசி ரகத்தைச் சொல்வதுபோல.

அவருக்கென்று சில விதிகள் இருந்தன. தலையாட்டக் கூடாது. 'ஐயோ' என்று சொல்லக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. கேட்க வேண்டும், எழுத வேண்டும், எழுந்து வர வேண்டும். வேலையில் சேரும்போதே துறைக்கு இதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தக் கையெழுத்தை இருபத்தாறு வருடம் காப்பாற்றினார்.

அக்காவின் வீட்டுக்காரர் இறந்து ஒன்பது வருடம். ஒரே மகன், இருபத்தேழு வயது. பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் இருந்தான். நாற்காலியின் நான்கு காலும் தரையில் சமமாக உட்காருகிறதா என்று பார்ப்பது அவன் வேலை. பிறகு கேமரா வைத்த ஓர் இயந்திரம் வந்தது. நாற்பது பேர் பெயரை வாசலில் ஒட்டினார்கள். மத்தியானமே வீட்டுக்கு வந்தான், தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். நான் சொல்லும் கதை நடந்தபோது அதற்குப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

வேலை போன அன்று, அவன் சொல்லித்தான் அக்காவுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. பக்கத்துத் தெருவில் மஞ்சள் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோதே யாரோ சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனவர், அறைக்கதவு சாத்தியிருப்பதைப் பார்த்தார்.

"என்னாச்சுன்னு கேட்க வாய் வரைக்கும் வந்துச்சு தம்பி. தெரிஞ்சதையே கேட்டுப் புண்ணைக் கிளறணுமான்னு விழுங்கிட்டேன். சாப்பாடு வச்சிருக்கேன்னு மட்டும் சொன்னேன். தானா சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

அறைக்கு வெளியே ஒரு ஸ்டூல். அவன் தொழிற்சாலையில் கழித்துப் போட்டது, ஒரு கால் கட்டை. அதற்கடியில் அட்டையை மடித்து வைத்திருந்தார். தட்டை அதன்மேல் வைத்து, "சாப்பாடு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்கு வருவார். அவர் இல்லாத நேரத்தில் அவன் வெளியே வருவான், குளிப்பான், சாப்பிடுவான், தட்டைக் கழுவி ஸ்டூல்மேலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவான். "பற்பசை குறையுதான்னு தினம் பார்ப்பேன் தம்பி. குறைஞ்சிருந்தா அன்னைக்கு நிம்மதி" என்று அவர் சொன்னபோது நான் பேனாவுக்கு மூடியைத் தேடினேன்.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். அவருடைய அண்ணன் வந்து கதவைத் தட்டிக் கத்தினார். அன்றிலிருந்து இரண்டு நாள் தட்டு அப்படியே இருந்தது. டாக்டரிடம் போனார், டாக்டர் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். "கூட்டிட்டு வர முடிஞ்சா அவர் எதுக்கு?" என்று என்னிடம் கேட்டார். ஊரிலுள்ள கதவையெல்லாம் இரண்டு தட்டில் திறப்பவருக்கு, சொந்த வீட்டுக் கதவின் முன்னால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கடைசியில் மூன்று பேராசிரியர்களிடமும் தனித்தனியாகப் போனார். மகன் என்று சொல்லவில்லை. "ஒரு வீட்டுல பார்த்தேன்" என்று ஆரம்பித்தார்.

உடம்பு சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டே பேசினாராம். "ஒரு மனுஷனை ஊரோட கட்டி வச்சிருக்கிறது அவன் செய்யற வேலைதாம்மா. அந்தக் கயிறு அறுந்தா, காலையில எதுக்கு எழுந்திருக்கணும்கிறதே தெரியாமப் போயிடும். இது அவன் சோம்பேறித்தனம் இல்லை. பிடிமானம் விட்டுப்போச்சு."

லாபம் சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அவன் உள்ளே கிடக்கிறதுல யாருக்கு லாபம்னு பாருங்க. வெளியே நாலு பேர் வேலையில்லாம நின்னாத்தான் உள்ளே இருக்கிறவன் வாயைத் திறக்க மாட்டான். துரத்தினவனை விட்டுட்டு இவன் தன்னையே குத்தம் சொல்லிக்கிறான் பாருங்க, அதுதான் அவங்களுக்குப் பெரிய லாபம்."

பார்வை மேடம் மெதுவாகச் சொன்னார். "நாம யாருன்னு அடுத்தவங்க முகத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிறோம். 'இன்னும் சும்மாதான் இருக்கியா'ன்னு தெருவுல ஒருத்தர் கேட்டாப் போதும், அந்தப் பேர் ஒட்டிக்கும். அப்புறம் அந்த முகத்தையெல்லாம் பார்க்க வேண்டாம்னு கதவைச் சாத்திக்கிறாங்க."

அக்கா என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். "மூணு பேர் சொன்னதும் சரி தம்பி. ஒருத்தர் சொன்னதாவது தப்பா இருந்தா, அதை விட்டுட்டு மத்ததைப் பிடிச்சுக்கலாம். மூணும் அவனுக்கு அப்படியே பொருந்துது."

"என்ன செய்யறதுன்னு கேட்டீங்களா?" என்றேன். என் குரலில் எரிச்சல் இருந்தது.

"கேட்டேனே. உடம்பு சார், தானா ஒரு சமநிலை வரும், நாளாகும்னார். லாபம் சார், மொத்தமும் மாறணும்னார். மேடம் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாங்க. எந்த வீடுன்னு கேட்டாங்க. நான் சொல்லல."

மூன்று பேருமே நல்லவர்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். யாரும் சப்பைக்கட்டு கட்டவில்லை. மழை ஏன் பெய்கிறது என்று மூன்று விதமாக, மூன்றும் சரியாகச் சொன்னார்கள். நனைந்துகொண்டிருப்பவரிடம் குடை இல்லை, அவ்வளவுதான்.

அந்த வருடம் மேடம் வேலையிழந்த இளைஞர்களைப் பற்றி ஓர் ஆய்வு ஆரம்பித்தார். கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள் என்பதால் புது ஏற்பாடு செய்தார். வெள்ளைப் படிவத்தையும் ஓர் உறையையும் வீட்டில் கொடுத்துவிட வேண்டும். அவர்களே எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பார்கள். கேட்கப் போகிறவர் உறையைப் பிரிக்கக் கூடாது. பிரிக்கிற அதிகாரம் எனக்கு மட்டும்தான், நானும் எண்ணைத் தவிர எதையும் யாரிடமும் சொல்லக் கூடாது. அக்காவும் நானும் கையெழுத்துப் போட்டோம்.

எந்தெந்த வீடு என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுத் தரும். அந்தப் பட்டியலில் அக்காவின் வீடும் வந்தது. தன் வீட்டுக்குத் தானே படிவத்தோடு போகக் கூடாது என்பது விதி. அக்காவே அதைச் சொன்னார், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை அனுப்பினேன். அவள் பகலில் மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு, படிவத்தில் '5' என்று எழுதிக் கொண்டுவந்தாள். ஐந்து என்றால் 'கதவு திறக்கவில்லை'.

அந்தப் படிவம் என் மேசையில் கிடந்ததை அக்கா பார்த்துவிட்டார்.

"அஞ்சா?"

"அஞ்சுதான்கா."

"என் வீட்டுக்கா அஞ்சு?" முகம் சுண்டிப்போனது. இருபத்தாறு வருடத்தில் அவர் கொண்டுவந்த ஐந்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். "புதுசா ஒண்ணு குடு தம்பி. உறையோட."

கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தேன். இந்தத் தவறை எங்கள் தொழிலில் இருப்பவர்கள்தான் செய்ய முடியும். வேறு எந்தத் தாயும் பெற்ற பிள்ளையிடம் வினாப்படிவத்தோடு போக மாட்டாள்.

அன்று சாயங்காலம் நடந்ததை மறுநாள் அவரே சொன்னார். வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றாமலே அறைக்கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறார். இரண்டு தட்டு. ஓரடி பின்னால் போயிருக்கிறார். "வணக்கங்க. நான் சமூகவியல் துறையிலேருந்து வரேன்" என்றாராம். முதல் பக்கத்தில் இருந்ததை முழுசாகப் படித்திருக்கிறார். "உங்க பேரை எங்கேயும் எழுத மாட்டோம். பிடிக்காத கேள்வியை நீங்க விட்டுடலாம். நீங்க எழுதறதை நான் பார்க்க மாட்டேன். ஒட்டிக் கொடுத்துடுங்க." வாங்க, போங்க என்று மகனுக்கு மரியாதை கொடுத்துப் பேசிவிட்டு, படிவத்தையும் உறையையும் கதவுக்கு அடியில் தள்ளினார்.

"சிரிப்பா வந்துச்சு தம்பி. அப்புறம் சமையல்கட்டுக்குப் போய் அழுதுட்டேன்."

மூன்றாம் நாள், கழுவிய தட்டுக்கு அடியில் உறை இருந்தது, நன்றாக ஒட்டியிருந்தது. அக்கா அதை அப்படியே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஒட்டிய விளிம்பை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு அன்றைய வீடுகளுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

உறையைப் பிரித்தேன். கையெழுத்து குண்டுகுண்டாக, அழகாக இருந்தது. எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதியிருந்தான். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தூங்குவான், தெருவில் யார் எதிரே வந்தால் ஒதுங்கத் தோன்றும், எல்லாவற்றுக்கும். முப்பத்தொன்றாம் கேள்வி, 'மனம்விட்டுப் பேச நினைக்கும் ஒருவர் உண்டா? யார்?' அவன் எழுதியிருந்தது ஒரே வார்த்தை, அம்மா. அடுத்த கேள்வி, 'அவரிடம் பேச முடியாமல் இருப்பது ஏன்?' அதற்கு மட்டும் கோடு போதாமல் தாளின் ஓரத்திலும் எழுதியிருந்தான்.

"அம்மா ஊரில் எல்லோரிடமும் கேள்வி கேட்பார். பக்கத்துத் தெருவில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியும். வேலை போன அன்று வந்து படுத்தேன். என்ன ஆயிற்று என்று கேட்பார் என்று காத்திருந்தேன். சாப்பாடு வைத்திருக்கிறேன் என்றார். இன்னும் காத்திருக்கிறேன்."

குறியீட்டு ஏட்டைத் திறந்தேன். வேறென்ன செய்ய. தாய் என்றால் 2. அடுத்ததற்கு, 'சண்டை' இருக்கிறது, 'தூரத்தில் வசிக்கிறார்' இருக்கிறது, 'கூச்சம்' இருக்கிறது. கேட்பார் என்று காத்திருப்பதற்கு எண் இல்லை. '88, பிற' என்று போட வேண்டும். என்னால் போட முடியவில்லை. அந்தத் தாளை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

சாயங்காலம் அக்கா வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, இழுப்பறையைத் திறந்து, தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். அதற்குமுன் நான் செய்யாதது அது.

அவர் பார்க்கவில்லை. தாளைக் கவிழ்த்து, மேலே கையை வைத்துக்கொண்டார்.

"பார்க்க மாட்டேன்னு சொல்லித்தானே தம்பி வாங்கினேன்?"

"அக்கா, இது உங்க பிள்ளை. விதியாவது ஒண்ணாவது. படிங்க."

"பதினாலு மாசத்துல அவன் ஒருத்தரை நம்பி ஒரு காரியம் செஞ்சிருக்கான். அது அம்மாவை நம்பி இல்லை. கதவைத் தட்டின அந்தப் பொம்பளையை நம்பி. நான் படிச்சுட்டா அவளும் பொய்னு ஆயிடும். அப்புறம் அவனுக்கு யாரு இருக்கா?"

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் சொன்னது சரி. மூன்று பேராசிரியர்களும் சரி, இப்போது அக்காவும் சரி. எல்லோரும் சரியாக இருக்க, ஒருவன் மட்டும் தாழ்ப்பாளுக்குப் பின்னால் காத்திருக்கிறான்.

"அக்கா," என்றேன். "இன்னைக்கு வீட்டுக்குப் போய் அவன்கிட்ட ஏதாவது கேளுங்க. சாப்பாடு வச்சதைச் சொல்லாதீங்க. கேளுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இருபத்தாறு வருடம் அடுத்தவர் முகத்தைப் படித்தவர். நான் சொன்னதிலிருந்தே சொல்லாததையும் எடுத்துக்கொண்டார் என்று தெரிந்தது. "நீ சொல்லியிருக்கக் கூடாது" என்றார். கவிழ்த்த தாளை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் பதினொரு மணிக்கு டீக்கு வந்தார். பிடி உடைந்த கோப்பையை நான் எடுத்துக்கொண்டு, நல்ல கோப்பையை அவரிடம் கொடுத்தேன். அவர் கவனிக்கவில்லை. இருவரும் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கினோம்.

"கேட்டீங்களா?"

"கதவுகிட்டப் போய் நின்னேன் தம்பி. தட்டவே இல்லை. உள்ள அவன் எழுந்து வந்தான். கதவுக்கு அடியில காலோட நிழல் தெரிஞ்சுது. அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். கேட்கலாம்னு வாயைத் திறந்தேன்." கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எத்தனை வீட்டுல எத்தனை கேள்வி கேட்டிருப்பேன். பதிலை எழுதிக்கிட்டு எழுந்து வந்துடுவேன். அவன் பதில் சொன்னா நான் எழுந்து எங்க போறது? பயமாப் போச்சு."

"அப்புறம்?"

"சாப்பாடு வச்சிருக்கேன்னு சொன்னேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. நடைபாதையில் உடம்பு சாரும் லாபம் சாரும் எதற்கோ வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"நிழல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துச்சு," என்றார். "அப்புறம் போயிடுச்சு."

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, அன்றைய வெள்ளைப் படிவக் கட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பத்தொன்பது வீடு இருந்தது. ஒரு ஐந்துகூட இல்லாமல் சாயங்காலம் திரும்பி வந்தார்.